எல்லாப் பூச்சிக்கும் ஒரே மருந்து உண்டா?

கேள்வி: கீழக்கரைக்கு அருகில் கடலை ஒட்டிய ஒரு கிராமத்தில் குடியிருக்கிறோம். வீட்டுக் கொல்லையில் கத்தரி, முண்டு மிளகாய், ஒரு பப்பாளி, செம்பருத்தி, இரண்டு தென்னை ஆகியவை உள்ளன. ஆனி மாதம் முதல் மிளகாய் இலை சுருண்டு செடி குட்டையாக நின்றுவிட்டது. கத்தரியில் குருத்து தொங்குகிறது, காயை அறுத்தால் புழு இருக்கிறது. பப்பாளியிலும் செம்பருத்தியிலும் வெள்ளையாக மாவு படிந்து எறும்பு ஏறுகிறது. தென்னை ஓலையின் அடியிலும் வெள்ளைப் படிவு உள்ளது, அதன் கீழுள்ள செடிகளெல்லாம் கரி பூசியதுபோல் இருக்கின்றன. பல செடிகளில் இலை ஓரமும் கருகுகிறது. பருத்திக்கு வாங்கி மீதமிருந்த மருந்தை என் கணவர் இரண்டு முறை தெளித்தார். பிறகு காணொளியில் பார்த்து, பாத்திரம் கழுவும் திரவத்துடன் வினிகர் கலந்து நான் தெளித்தேன். மிளகாய் முன்பைவிட மோசமாகிவிட்டது. வீட்டில் குழந்தைகளும் ஆடு, கோழிகளும் உள்ளன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தாகச் சொல்ல முடியுமா? கத்தரியை எடுத்துவிட்டு மறுபடி கத்தரியே வைக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்கும் அந்த ஒரே மருந்து கிடையாது. உங்கள் கடிதத்தில் ஐந்து தொல்லைகள் இருக்கின்றன. அவற்றுள் நான்கிற்கு வெவ்வேறு உயிரிகள் காரணம், ஐந்தாவதான இலைக்கருகலுக்குப் பெரும்பாலும் பூச்சியே காரணமில்லை. நான்கில் ஒன்று தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் வாழ்வது, ஒன்று மெழுகுப் போர்வைக்குள் இருப்பது, ஒன்று தென்னையின் உச்சியில் ஓலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது, மற்றொன்று கண்ணுக்கே எளிதில் தெரியாதது. இவை அனைத்தையும் ஒரே தெளிப்பில் கொல்லும் அளவுக்கு வீரியமான ஒன்றைக் கொல்லையில் அடித்தால், முதலில் சாவது இந்தப் பூச்சிகளைத் தின்று வாழும் பொறிவண்டும் சிலந்தியும் குளவியுமே. அது ஓரளவுக்கு ஏற்கெனவே நடந்துவிட்டது என்றே உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே பருத்தி மருந்தைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. குப்பியின் அடையாளச் சீட்டில் ஒரு சதுரத்துக்குள் வண்ண முக்கோணம் இருக்கும்: சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரமானது, பச்சை குறைந்த நச்சுத்தன்மை உடையது. பருத்திக்கு அனுமதிக்கப்பட்ட மருந்து காய்கறிக்கும் அனுமதிக்கப்பட்டது என்று கொள்ளவே கூடாது. பருத்திக்காரர்கள் பலகாலம் பயன்படுத்திய மோனோகுரோட்டோபாஸ், காய்கறிகளில் தெளிக்கக் கூடாதென்று 2005-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டதாகும். தெளித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே விட வேண்டிய காத்திருப்புக் காலமும் சீட்டில் இருக்கும்; அந்த மருந்து காய்கறிக்கு உரியதல்ல என்றால் அந்தக் கணக்கும் உங்களுக்கு உதவாது. எனவே இப்போது செடியில் நிற்கும் காய்களையும் பழங்களையும், பறித்து வைத்த மிளகாயையும் உண்ணாமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். ஆட்டுக்கு அந்தத் தழையை ஒடித்துப் போடாதீர்கள்; கோழிகளைச் சில வாரங்களுக்கு அந்தப் பக்கம் விடாதீர்கள். மீதமுள்ள குப்பியைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கவிழ்க்க வேண்டாம். வேறு பாட்டிலுக்கு மாற்றவும் வேண்டாம். சீட்டு கிழியாமல் பூட்டி வைத்து, வாங்கிய கடையிலோ வேளாண்மை விரிவாக்க மையத்திலோ என்ன செய்வதென்று கேளுங்கள்.

மிளகாய் ஏன் மோசமானது என்பதுதான் உங்கள் கடிதத்தில் கவனிக்க வேண்டிய இடம். மிளகாய் இலை இரண்டு விதமாகச் சுருளும். ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து இலை படகு வடிவில் ஆனால் அது இலைப்பேனின் வேலை. ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, இலைக்காம்பு வழக்கத்தைவிட நீண்டு, நுனித்தளிர் சிறுத்துக் கரடுமுரடானால் அது மஞ்சள் சிலந்திப்பேனின் வேலை. இரண்டையும் ஊரில் பொதுவாக ‘முரணை’ என்று சொல்லிவிடுவதால் மருந்தும் குழம்பிப்போகிறது. காலை வேளையில் ஒரு வெள்ளைத் தாளைத் தளிருக்கு அடியில் பிடித்துக்கொண்டு தளிரைத் தட்டிப் பாருங்கள்: மெல்லிய கீற்றுகளாய் மஞ்சளாகவோ கருப்பாகவோ ஊர்பவை விழுந்தால் இலைப்பேன். பூவையும் உதறிப் பாருங்கள், ஏனெனில் 2021-இல் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாய்த் தோட்டங்களைப் பெரிதும் அழித்த கருப்பு இலைப்பேன் பூவுக்குள்தான் அதிகம் தங்கும். தாளில் ஒன்றும் தெரியாமல், இலைகள் கீழ்நோக்கி மடிந்திருந்தால் சிலந்திப்பேனைச் சந்தேகியுங்கள். அதைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

சிலந்திப்பேன் பூச்சி இனத்தைச் சேர்ந்ததே அன்று. எட்டுக் கால் உடையது. சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. பூச்சிகளுக்கென்று செய்யப்பட்ட மருந்துகள் பலவற்றால் அதற்கு ஒன்றும் ஆகாது. மாறாக, செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தெளித்தபின் சிலந்திப்பேனும் வெள்ளை ஈயும் முன்னிலும் பெருகுவது நன்கு அறியப்பட்ட உண்மை. அவற்றைத் தின்னும் இரைவிழுங்கிகள் அழிந்துபோவது அதற்கு முக்கியக் காரணம். தெளித்த பிறகு மிளகாய் முன்பைவிட மோசமானது என்று நீங்கள் எழுதியிருப்பது இதனோடு சரியாகப் பொருந்துகிறது. சிலந்திப்பேன்தான் என்று உறுதியானால் நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 3 கிராம் வீதம் கரைத்து, இலையின் அடிப்பக்கம் படும்படி விடியற்காலையில் தெளியுங்கள். கடும் வெயிலில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும். வேப்ப எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது. இலைப்பேன் என்றால் வேப்பங்கொட்டைச் சாறு போதும். இவை இரண்டும் இல்லாமல், இலைகள் சிறுத்து நரம்பு தடித்துக் கொத்தாகச் சுருண்டு ஒரு காயும் பிடிக்காத செடி இருந்தால், அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். அதற்கு மருந்து இல்லை. பிடுங்கிப் புதைப்பதே வழி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் மானாவாரிக் கரிசலில் வடகிழக்குப் பருவமழையை நம்பி வளர்ந்து பழகிய பயிர். ஆடிக் காற்றில், உப்பு நீரில் நிற்கும்போது அதன் தாங்குதிறன் குறைவது இயல்பு.

வேப்பங்கொட்டைச் சாற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கடற்கரையில் அது பலன் தராமல் போவதற்கு வேம்பு காரணமல்ல, தண்ணீர்தான் காரணம். ஓடு நீக்கிய வேப்பம்பருப்பு 50 கிராமை இடித்துத் துணியில் முடிந்து ஒரு லிட்டர் நீரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து வடிகட்டிச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். இதைக் கிணற்று நீரில் செய்தால் இரண்டு கேடுகள் நேரும். முதலாவது, கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்துபோவதால் கரைசல் இலையில் பரவாமல் முத்து முத்தாக உருண்டுவிடும். தெளிப்பானின் மூக்கும் அடைபடும். இரண்டாவது, வேம்பின் வீரியத்துக்குக் காரணமான அசாடிராக்டின் காரத்தன்மையுள்ள நீரில் விரைவில் சிதைந்துவிடும். குளிக்கும் சோப்பு நுரைக்காத நீர் மருந்து கலக்கவும் ஆகாது. குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரில் இரண்டு லிட்டரை இதற்கென்று ஒதுக்குங்கள். குடிப்பதற்கே முறை வைத்துப் பிடிக்கிறோம் என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. ஆனால் உங்கள் கொல்லையளவுக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை அவ்வளவுதான் செலவாகும். மழைக்காலத்தில் கூரையிலிருந்து பிடிக்கும் மழைத் தண்ணீர் அதைவிட நல்லது.

அசாடிராக்டின் வெயிலிலும் சிதையும். ஆகையால் மாலையில் தெளிக்கச் சொல்வது பொதுவழக்கு; நம் கரையிலோ பிற்பகல் கடற்காற்று பொழுது சாய்ந்தும் விடாது, அதிலும் ஆடி மாதத்தில் தெளித்தது பாதி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலை இங்கே ஏற்றது. முந்திய இரவு ஊறவைத்து, வெளிச்சம் வந்தவுடன் இலையின் அடிப்பக்கமாகத் தெளித்து முடித்துவிடுங்கள். பூச்சியும் அங்கேதான் இருக்கிறது, வெயிலும் அங்கே குறைவாகவே படும். மறுநாள் பூச்சி செத்துக் கிடக்கவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். வேம்பு பூச்சியின் பசியைக் கெடுக்கும், தோல் உரித்து வளர விடாது. பலன் தெரியச் சில நாட்களாகும். வேப்ப எண்ணெயை லிட்டருக்கு 30 மில்லி வரை பரிந்துரைப்பார்கள்; ஏற்கெனவே உப்புக்காற்றில் அடிபட்ட உங்கள் செடிகளுக்கு அது அதிகம் என்பது என் கருத்து. 5 முதல் 10 மில்லியில் தொடங்கி, முதலில் ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்லுங்கள். வினிகரும் பாத்திரத் திரவமும் இனி வேண்டாம். அமிலம் தளிரைச் சுடும், அந்தத் திரவம் இலையின் மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும்; அதன்பின் உப்புக்காற்றுக்கு இலையில் தடையே இல்லை.

பப்பாளியும் செம்பருத்தியும் ஒரே நேரத்தில் மாவு பிடித்திருப்பதால் அது பப்பாளி மாவுப்பூச்சியாகவே இருக்க வேண்டும். இரண்டும் அதற்கு மிகவும் பிடித்தவை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இந்தப் பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழகமெங்கும் பரவியபோது உழவர்கள் அடிக்காத மருந்தில்லை. மெழுகுப் போர்வையைத் தாண்டி எதுவும் நிலையாகப் பலிக்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் அசிரோபேகஸ் பப்பாயே என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியையும் வேறு இரண்டு குளவிகளையும் வருவித்து விட்ட பிறகுதான், சில மாதங்களிலேயே, அந்தக் கொள்ளை அடங்கியது. அந்தக் குளவிகளின் வழித்தோன்றல்கள் இன்றும் நம் ஊர்களில் உள்ளன. நாம் நஞ்சடிக்காத கொல்லைகளில் அவை தாமாகவே வந்து சேர்கின்றன. மாவுப்பூச்சிக் கூட்டத்தில் சில பழுப்பாகி உலர்ந்து ஊதி, உடலில் சிறு துளையோடு இருந்தால் குளவி வந்துவிட்டது என்று பொருள். அந்த இலையை ஒடிக்காமல் மரத்திலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காத்து, குளவியையும் பொறிவண்டையும் விரட்டுகிறது. பப்பாளித் தண்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். தண்டின் மேல் நேரடியாகத் தடவ வேண்டாம். சுவரையோ வேறு கிளையையோ தொடும் இலைகளை நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு சுற்றுவழியில் ஏறிவிடும். செம்பருத்தியில் மாவு அடைந்த நுனிகளை வெட்டிச் சோப்பு நீரில் அமிழ்த்துங்கள். வெட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாவுப்பூச்சியைப் போலவே உடலெங்கும் வெள்ளை மெழுகு இழைகளோடு, ஆனால் அதைவிடப் பெரிதாகவும் வேகமாக நடப்பதாகவும் ஒன்று தென்பட்டால், அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழு. நல்லெண்ணத்தோடு கொல்லப்படும் நண்பர்களில் அதற்கே முதலிடம். அதே சமயம் எல்லாப் பொறிவண்டும் நண்பனுமல்ல. மங்கிய செம்பழுப்பு நிறத்தில் நிறையப் புள்ளிகளோடு கத்தரி இலையைச் சல்லடையாகச் சுரண்டித் தின்னும் புள்ளிவண்டும் அந்தக் குடும்பம்தான். அதைக் கையால் பொறுக்கி எடுத்துவிடலாம்.

தென்னை ஓலையின் அடியில் இருப்பது சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் காணப்பட்டு, பின்னர் மாநிலத்தின் தென்னைப் பகுதிகளுக்குப் பரவியது. ஓலையடியில் வெள்ளை மெழுகால் சுருள் வட்டமாக முட்டையிடுவதைக் கொண்டு அடையாளம் காணலாம். கீழுள்ள செடிகளின் கரி, தென்னையிலிருந்து சொட்டும் இனிப்பு நீரின்மேல் வளரும் கரும்பூசணம். அந்தச் செடிகளுக்கு நோய் ஏதுமில்லை, அவற்றில் மருந்தடிப்பதும் வீண். இந்த ஈக்குத் தென்னையில் இரசாயன மருந்து அடிக்க வேண்டாம் என்பதே வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும், ஏனெனில் என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவி அதைப் பெருமளவு கட்டுப்படுத்துகிறது. மரம் இதனால் பட்டுப்போய்விடாது. கைக்கு எட்டும் கீழ் ஓலைகளின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மஞ்சள் நிறத் தகட்டில் ஆமணக்கு எண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் மணல் ஒட்டி இரண்டொரு நாளில் அது உலர்ந்துவிடும், ஆதலால் துடைத்துத் துடைத்துப் பூச வேண்டியிருக்கும். கரும்பூசணத்துக்கு மைதா மாவை லிட்டருக்கு 25 கிராம் வீதம் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்ததும் ஏடாக உரிந்து பூசணத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

கத்தரிக்கு வருவோம். குருத்துத் தொங்குவதும் காயில் புழு இருப்பதும் ஒரே பூச்சியின் வேலை. தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்பது அதன் பெயர். தாய் அந்துப்பூச்சி இலையிலும் பூமொட்டிலும் முட்டையிட, சில நாட்களில் வெளிவரும் புழு உடனே குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்து, இரண்டு வாரம்போல உள்ளேயே தின்று, பின்னர் வெளியேறிச் செடியடியிலுள்ள சருகில் கூட்டுப்புழுவாகிறது. உள்ளே புகுந்துவிட்ட புழுவை எந்தத் தெளிப்பும் எட்டாது. தொங்கும் குருத்தைத் துளைக்கு ஒரு விரற்கடை கீழே நறுக்குவதும், சொத்தைக் காயைக் கண்ட அன்றே பறிப்பதும், இரண்டையும் உரக்குழியில் வீசாமல் ஆழப் புதைப்பதும், செடியடிச் சருகை வாரி அகற்றுவதும் சேர்ந்தால் பெருமளவு குறையும். உரக்குழியில் போட்டால் புழு அங்கே சுகமாகக் கூடு கட்டிக்கொண்டு திரும்பிவரும். ஆண் அந்துப்பூச்சியை மணத்தால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றும் வைக்கலாம். தனி ஒரு கொல்லைக்கு அதைவிடக் கொசுவலைத் துணியால் பாத்தியை மூடுவதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. கத்தரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது. வலைக்குள்ளும் பூத்திருக்கும் வேளையில் செடியை மெல்ல அசைத்துவிட்டால் போதும்.

இலை ஓரக்கருகலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடலைப் பார்த்த பக்கத்து இலைகளிலும் முதிர்ந்த இலைகளிலும் நுனியும் ஓரமும் ஒரே சீராகப் பழுப்பாகி, அடியில் பூச்சியோ எச்சமோ இல்லையென்றால் அது உப்பு. காற்றில் வரும் உப்பு பாதி, கிணற்று நீரின் உப்பு பாதி. கடல் பக்கமாகப் பனையோலைத் தட்டியோ பச்சை நிழல்வலையோ கட்டுங்கள். இலைமேல் கிணற்று நீரை ஊற்றாமல் வேரடியில் மட்டும் விட்டு, தொழுவுரமும் சருகு மூடாக்கும் போடுங்கள். கத்தரிப் பாத்தியில் மட்டும் மூடாக்கு வேண்டாம், காரணத்தை மேலே சொன்னேன். மீன் கழுவிய நீரை ஊற்றும் வழக்கமிருந்தால் நல்ல தண்ணீரில் கழுவியதை மட்டும் ஊற்றுங்கள். கருவாட்டுக்கு உப்பிட்ட நீர் ஒரு குவளைகூட ஆகாது. கருகலைப் பார்த்துச் சத்துக்குறை என்று யூரியா போடுவோர் உண்டு. அது தளிரை மிருதுவாக்கிச் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு விருந்து வைப்பதாகவே முடியும்.

இவற்றில் எதையேனும் நீங்களே உறுதி செய்ய முடியாவிட்டால், பாதித்த தளிரையும் காயையும் தனித்தனி நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, அன்றைக்கே ராமநாதபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கடலோர உவர் ஆராய்ச்சி மையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு பாட்டில் கிணற்று நீரையும் எடுத்துச் சென்று, அதன் உவர்ப்புக்கு எந்தப் பயிர் தாங்கும் என்று கேளுங்கள்.

மறுபடி கத்தரியே வைக்கலாமா என்ற கேள்விக்கு: இப்போது வேண்டாம். இருக்கும் செடிகளை வேரோடு எடுத்து, மண்ணைக் கிளறி ஆடி வெயிலில் காயவிட்டு, அந்தப் பாத்தியில் உவர்ப்பை ஓரளவு தாங்கும் கொத்தவரையை ஊன்றுங்கள். ஓரத்தில் நாலைந்து தட்டைப்பயறு இருந்தால் அதில் வரும் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியைத் தேடிப் பொறிவண்டும் வரும், அந்த அசுவினியை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். ஐப்பசியில் மழை இறங்கி மண்ணின் உப்பு கழுவப்பட்ட பிறகு, கத்தரி நாற்றைக் கொல்லையின் மறுபக்கத்தில் நட்டு, முதல் நாளிலிருந்தே வலை கட்டிவிடுங்கள்.